ஒரு பிடி

மாதிரி எண் பதினான்கு.
வத்தல்மலை பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால்,
மஞ்சப்பையில் இறங்கி வந்த தழை.
நிழலில் காய்ந்தது, பொடியானது,
கொதிநீரில் தன் நிறத்தை விட்டது.

குழாய்க்குப் பத்துக் குஞ்சுகள்.
உப்புநீர் இறால்; கண்ணுக்குத் தூசி,
விளக்கு காட்டினால் திரும்பும் தூசி.
தருமபுரியில் இரவு இரண்டு முறை கரண்ட் போனது.

காலையில்,
மிகக் குறைந்த அளவில் பத்தும் நீந்தின.
அடுத்ததில் ஒன்பது.
கடைசிக் குழாயில் அடியில் கிடந்தவை ஏழு.
ஒன்று கால் அசைத்ததா, நீர்தான் அசைத்ததா?
பத்து விநாடி பார்க்கச் சொல்கிறது விதி.
பார்த்தேன்.
ஏழு என்றே எழுதினேன்.

இறால் மனிதன் இல்லை, தெரியும்.
கொல்வதெல்லாம் கேடும் இல்லை;
கட்டியைக் கொன்றால் மருந்தென்று பெயர்.
எலிக்கு அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை.

முனிரத்தினம் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிறார்,
பஸ் எடுக்கப் பன்னிரண்டு நிமிடம்.
"என்னம்மா ஆச்சு நம்ம தழை?
சக்கரைக்கு ஆறு மாசமா குடிக்கிறேன்ல."
"எவ்வளவு போடுவீங்க?"
"ஒரு பிடி."

தராசுத் தட்டைக் காட்டினேன்.
கியர் பிடித்துக் காய்த்த கை அள்ளிவைத்தது:
பதினொன்று புள்ளி இரண்டு கிராம்.
இன்னொரு தடவை. பதினேழு புள்ளி ஆறு.
மூன்றாவது, மூச்சைப் பிடித்துக்கொண்டு:
பதினான்கு.

சிரிப்பார் என்று நினைத்தேன்.
உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"வீட்டுல போடுறது அவதான்" என்றார்,
"அவ கை சின்னது."