வலப்பக்கம்

இடப்பக்கம் கேட்டால் கொடுக்கிறது.
வலப்பக்கம் கேட்டால்
கடன் கேட்டது போல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது
ஏழாம் நம்பர்.

கடை திறந்த முதல் சனிக்கிழமை,
சுஜியே பாலம் தாண்டிக் கால்வாயில்
வளைவு வந்தது. படகு வளையவில்லை.
இரண்டு மிதவைக் குழல்கள், நாற்பது குதிரைகள்,
பிறந்தநாள் கேக்கோடு ஒன்பது பேர்,
எல்லாருமாய் நேரே நாணலுக்குள் போய் நின்றார்கள்.
அங்கே நின்ற கொக்கு
இருக்கை மாறும் பயணியைப் போல்
நாலடி தள்ளிப்போய் நின்றது.
ஆட்களுக்கு ஒன்றுமில்லை.
கேக்குக்குத்தான்.

திங்கள் காலை ஜோசியான் சாவியை மேசையில் வைத்தாள்.
"நாலு மணிக்கு ஒரு குடும்பம் வருகிறது, துளசிகா."
அவள் கேட்காத கேள்விக்கு
நானே பதில் சொல்லத் தொடங்கினேன்:
வாடகைக்கு எடுக்கிறவர்களின் முரட்டுக் கை,
வடகிழக்கிலிருந்து வந்து பல்லைக் கிட்டவைக்கும் பீஸ் காற்று,
கேபிள் செய்த கம்பனி,
கம்பனிக்கு எஃகு விற்ற கம்பனி.
பழி போட ஆள் தேடினால்
இந்த ஏரிக்கரையில் பஞ்சமே இல்லை.

முதலில் இரண்டையும் பிரிக்க வேண்டும்.
கேபிளையும் எஞ்சினையும் கோக்கிற
ஒரு சாண் கோல்.
ஒரு நட்டு.
கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் கையால் தள்ளினேன்.
இடம். வலம். இடம்.
நித்திரைப் பிள்ளையின் தலைபோல்
தள்ளிய பக்கமெல்லாம் சாய்ந்தது.
அதற்கு யாரோடும் பிணக்கில்லை.

முன்னால் போய்ச் சக்கரத்தைப் பிடித்தேன்.
இடப்பக்கம் முனகிக்கொண்டு போனது.
வலப்பக்கம்
என் தோள்தான் போனது.

சரி. அப்ப நீதான்.

எஞ்சினைத் தாங்கும் குழாய்க்குள்
கேபிளின் தண்டு போய்வருகிறது.
குழாயின் ஓரத்தில்
கிறீஸ் அடிக்கிற முலை ஒன்று, கடலையளவு.
அதைத் திருகி எடுத்துவிட்டுச்
சக்கரத்தை வலப்பக்கம் அழுத்தினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு வந்தது,
அந்தச் சின்ன ஓட்டைக்கென்றே அவித்த
குழல் பிட்டு மாதிரி,
உருளையாய், அவசரமில்லாமல்.

பச்சை நிறம்.

இந்தக் கடையில் எல்லாக் கிறீசும் நீலம்.
பச்சை ஒரே ஒரு டின்தான் வந்தது.
ஒக்டோபரில் நீலம் முடிந்துபோக
இன்ஸ் வரைக்கும் ரயிலில் போய்
வாங்கிவந்தவள் நான்.

அன்றைக்கு மழை.
ஐந்து நாற்பது ரயிலுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
சக்கரம் இடப்பக்க முடிவில் நின்றது,
தண்டு முழுக்க வெளியே நீட்டியபடி.
உள்ளே இழுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.
தெரியும்.
தெரிந்துகொண்டே அடித்தேன்.
பத்துத் தரம். பிறகு, குளிர்காலம் நீளம் என்று
இன்னொரு பத்து.
குறைத்து அடித்தால்தானே பிழை.
திரும்பிவர வேண்டிய தண்டின் இடத்தையெல்லாம்
என் அக்கறை அடைத்துக்கொண்டு
மே மாதம் வரைக்கும் இறுகிக் கிடந்திருக்கிறது.

மண்ணெண்ணெய், பழைய துவாய், போத்தல் கழுவும் தூரிகை.
தண்டு மெல்ல மெல்ல வெள்ளியானது.
உள்ளே முழுக்க இழுத்து
இரண்டே தரம் அடித்தேன்.
மூன்றாவதற்குப் போன கையை
மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன்.

குறிப்பேட்டில் ஒக்டோபர் பக்கம்:
"ஏழு: கிறீஸ் நன்றாக அடித்தாயிற்று."
"நன்றாக" என்பதன் கீழே கோடு.
என் கையெழுத்து, என் கோடு.
அதன் கீழே இன்றைய திகதி போட்டேன்.
காரணம் என்ற கட்டத்தில்
"காற்று" என்று எழுத
முதல் எழுத்துவரை போய் நின்றது பேனா.
அந்தக் "கா"வுக்கு முன்னால்
"துளசி" என்று நெருக்கி எழுதினேன்.

மூன்றரைக்கு ஒருக்கால் தனியே ஓட்டிப் பார்த்தேன்.
வுயி மலையின் திராட்சை வரிசைகள்
ஒன்றன்பின் ஒன்றாய் விலகின.
வளைவில் ஒற்றை விரல் போதுமாயிருந்தது.
நாணலுக்குள் இன்னும் கிடந்தது
ஒரு மஞ்சள் மெழுகுதிரி.
எடுப்பதற்காக வலப்பக்கம் திருப்பினேன்.
கொக்கு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
முன்னெச்சரிக்கையாய்
நாலடி தள்ளிப்போய் நின்றது.