பூட்டுக் கோப்பு

குத்தாயிசி ரத்த வங்கியில்
அதிகாலை மூன்று பத்து.
"கோப்பைத் திறக்க இயலவில்லை" என்கிறது திரை.

கோப்பு இருக்கிறது.
தம்தா அதன் எடையைக்கூடப் பார்த்துவிட்டாள்:
நான்கு ஜிபி, நேற்றுவரை கொடுத்தவர்கள் அத்தனை பேரும்.

அனுமதிகளைப் படித்தாள்.
உரிமையாளர்: ஸுராப்.
மார்ச்சிலேயே பட்டூமிக்கு வேலை மாறிப்போனவன்;
அவன் காபிக் கோப்பை இன்னும் சன்னலோரம்.

உரிமையை மாற்றினாள். மறுபடி மறுப்பு.

பக்கத்தில் ஒரு பூட்டுக் கோப்பு,
உள்ளே ஒரே ஓர் எண், 4117.
அந்த எண்ணில் எந்தப் புராசஸும் ஓடவில்லை.
மின்சாரம் போனபோது செத்தது,
கதவைப் பிடித்தபடியே செத்திருக்கிறது.

அழிக்குமுன் இருமுறை தேடினாள்,
நாடி பார்ப்பவள் போல.
பிறகு அழித்தாள்.

பிரசவ அறையிலிருந்து நான்காவது தொலைபேசி.
"ஓ நெகட்டிவ், இரண்டு பை, மூன்றாம் அலமாரி" என்றாள்,
வணக்கம்கூடச் சொல்லாமல்.