நாலு அங்குலம்

ஐம்பதாயிரம் சீட்டு.
தள்ளிக் கேட்டது போக, கமிஷன் போக
கைக்கு வந்தது முப்பத்தெட்டும் சொச்சமும்.
காலண்டருக்குப் பின்னால், அதே ஆணியில்
துணிப்பையில் மாட்டி வைத்தேன்.
தேதி கிழிக்கும்போதெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் போனது மாடுலர் கடைக்கு.
பையன் கம்ப்யூட்டரில் என் சமையலறையைத்
திருப்பித் திருப்பிக் காட்டினான்.
அதில் மூடுபனி இல்லை.
சுவரில் ஓதம் இல்லை, உப்பு ஜாடியில் தண்ணீர் இல்லை.
இரண்டு லட்சத்து நாற்பது என்றான்.
கொடுத்த காபியை முழுசாகக் குடித்துவிட்டு வந்தேன்.

பிளைவுட் கோத்தகிரியில் ஒரு ஜூலை தாங்காது.
பக்கத்து லைன் பிலோமினா கட்டிய அலமாரியில்
காளான் முளைத்தது.
சாப்பிடுகிற ஜாதியா என்று கேட்டாராம் அவள் புருஷன்.

பெள்ளி மேஸ்திரி வந்து சுவரைத் தட்டினார்.
சுவர் உதிர்ந்து பதில் சொன்னது.
சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதினார்:
சிமென்ட் ஆறு மூட்டை,
மணல் (குஞ்சப்பனை தாண்டும்போதே
அதற்கும் மூச்சு வாங்கி விலை ஏறிவிடுகிறது),
ஓதத்துக்குப் பூச்சு,
பின்கதவுக்குத் தகரம், கரடிக்காக.
போன தை மாதம் எண்ணெய்த் தூக்கைத் தேடி வந்தது
கீலோடு பிய்த்துவிட்டுப் போயிருந்தது.
அந்த ஒரு வரியில் மட்டும்
நான் பேரம் பேசவில்லை.

கட்டபெட்டுப் பக்கம் ஒரு ரிசார்ட்டில்
நிறம் அலுத்துவிட்டது என்று
கழற்றிச் சாத்தியிருந்த கிரானைட் பலகை
மூவாயிரத்துக்குக் கிடைத்தது. பிக்கப் வாடகை தனி.
நல்ல கருப்பு. ஒரே குறை,
சிங்க்குக்கு வெட்டிய ஓட்டை
எங்கள் குழாய்க்கு எதிர்க்கோடியில்.
ஓட்டையை நகர்த்த முடியுமா?
குழாயை நகர்த்தினோம்.
குழாய்க்காக அடுப்பை,
அடுப்புக்காக ஃபிரிட்ஜை.
ஃபிரிட்ஜ் இப்போது ஹாலில், டிவி பக்கத்தில்
காபி இன்னும் வராத விருந்தாளிபோல
முனகிக்கொண்டு நிற்கிறது.

பழைய மேடையை இடிக்கச் சம்மட்டி எடுத்தவர்
நிறுத்திவிட்டுக் கேட்டார்:
எந்த உயரம் வைக்கட்டும்மா?

பதினேழு வருஷம் முன்னால்
அளவு கொடுக்க நின்றது பெனடிக்ட்.
அவர் இடுப்புக்கு எழும்பியது மேடை.
அதன்பின் அங்கே அவர் நின்றதில்லை.
தேயிலைப் பெட்டியின் மூடியைத் தரையில் போட்டு
அதன்மேல் ஏறித்தான் நான் குழம்பு கொதிப்பதைப் பார்த்தேன்.
தோள்பட்டை வலிக்குக் குன்னூரில் எடுத்த எக்ஸ்ரேயில்
ஒன்றும் இல்லை என்றார்கள்.

தெரியலையே, என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.
செருப்பைக் கழற்றுங்க.
சுவரோரம் நில்லுங்க. கையை மடக்குங்க.
முழங்கைக்கு நாலைந்து விரல் கீழே
காதிலிருந்த பென்சிலால் ஒரு கோடு.
பழைய மேடைக்கும் கோட்டுக்கும் நடுவில் டேப் பிடித்தார்.
நாலு அங்குலம்.

அவ்வளவுதானா?

அவ்வளவுதான். செங்கல்கூட மிச்சம், என்றார்.

டைல்ஸ் மூன்றாம் வரிசையோடு பணம் நின்றது.
அதற்குமேல் பச்சை எனாமல், நானே அடித்தது;
பார்டர் அடுப்பு வரை நேராக வந்து
அப்புறம் என்னவோ யோசித்துக்கொண்டு இறங்குகிறது.
அலமாரிகளுக்குக் கதவு இல்லை.
துவரம்பருப்பு தீர்ந்தது இனி எல்லோருக்கும் தெரியும்.
நீலத் தண்ணீர் டிரம் அடியில் நுழையவில்லை,
அதற்கு இன்னும் இடம் பார்க்கவில்லை.

முதல் ராத்திரி பால் சூடு பண்ண வந்த பெனடிக்ட்
குனிந்தார், நிமிர்ந்தார், முதுகைப் பிடித்துக்கொண்டார்.
ரொம்பத் தாழ்வா இருக்கே இது?

நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன்,
வெறுந்தரையில் நின்று,
தோள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.
ஆமாம், என்றேன்.

சீட்டுக்கு இன்னும் பதினோரு தவணை.
பெட்டி மூடி பின்கதவுக்கு முட்டு.
கரடி வந்தால்
முதலில் அது ஏறி நிற்கட்டும் அதன்மேல்.