காரணம் எழுதும் கட்டம்

சித்ராவில் வேலை என்றால் வீட்டில் சிரிக்கிறாள்,
யாரந்தப் பெண் என்று.
எண்ணெய்த் தொட்டியும் பட்டறையுமாக ஒரு தீவு.
ஆகஸ்டில் காற்றைப் பிழிந்தால்
ஒரு வாளி தேறும்.

டெலிவரி கொடுத்து ஐந்தே மாதம்.
திரும்பி வந்து நிற்கிறது
எழுபத்திரண்டாம் வருஷத்து டாட்சன்,
தந்த நிறம்,
இடது பின்பக்கத் தகட்டில் மட்டும்
அம்மை வார்த்த மாதிரி.

அபு யாகூப் ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.
பேசியதெல்லாம் முதீர்தான்:
எவன் செய்தான், பேர் வேண்டும்,
சம்பளத்தில் பிடிக்கணும்.

ஷட்டரை இறக்கிவிட்டு லென்ஸோடு உட்கார்ந்தேன்.
ஊசி குத்தியதுபோல் வெடித்திருந்தால்
தின்னர் செய்த அவசரம்.
இது வெடிக்கவில்லை.
உள்ளிருந்து துரு தின்றிருந்தால்
தட்டும்போது சத்தம் செத்திருக்கும்.
கணீரென்கிறது.
புட்டி குடித்த தண்ணீரோ என்று காந்தம் வைத்தேன்.
பிடித்த பிடியை விடவில்லை, இங்கே புட்டியே கிடையாது.
கம்ப்ரஸர் ஈரம் துப்பியிருந்தால்
கதவுக்கும் பானெட்டுக்கும் பங்கு போயிருக்கும்.

பொத்தான் தைக்கிற ஊசியால்
ஒன்றைக் குத்தினேன். கடுகளவு நீர்.
பெயிண்டர் செய்யக்கூடாத காரியம்,
தொட்டு நாக்கில் வைத்தேன்.
கரித்தது.

பிளேடு போட்டதும்
கிளியர், கலர், பிரைமர் மூன்றும்
ஒரே தோலாக உரிந்தன.
அடியில் வெறும் தகரம், ஒரு செம்புள்ளி.

அப்புறம்தான் எட்டி நின்று பார்த்தேன்.
வளைவாக நான்கு,
தள்ளி ஒன்று,
கீழே திட்டாக ஒரு கூட்டம்.
தொடாமல் என் கையை அதன்மேல் விரித்தேன்.
கை. இடக்கை.

பிரைமருக்கு முந்தின பகல்.
பழைய பெயிண்ட் எல்லாம் கழன்று
தகரம் வெளவால் மீன்போல் மின்னிக் கிடந்தது.
பை நிறைய லபன் பாட்டிலோடு வந்த அபு யாகூப்
குதிரையைத் தட்டிக்கொடுப்பதுபோல் தட்டினார்.
அதிலேயே சாய்ந்து போன் பேசினான் ஷோஹாக்.
மூன்று மணிக்குத் தலை சுற்றியபோது
நானும் அங்கேதான் ஊன்றினேன்.
துடைத்துவிட்டு அடி என்று சொன்னேன்.
இல்லை. சொல்ல நினைத்தேன்.

கொப்புளம் பரவியதில்
அளவு யாருக்கும் பொருந்துகிறது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
தகரம் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறது,
யாரை என்று மட்டும் சொல்ல மாட்டேனென்கிறது.

வேலைச் சீட்டில் காரணம் எழுத ஒரு கட்டம்,
பெயர் எழுத அதைவிடப் பெரிய கட்டம்.
முதலாவதில் ருதூபா என்று எழுதினேன்.
பொய்யில்லை,
உடம்பிலிருந்து வந்தாலும் ஈரம் ஈரம்தானே.
இரண்டாவதில் குறுக்கே ஒரு கோடு.

நாளை எண்பதாம் நம்பர் தாளில் தொடங்கணும்.
கையுறைப் பெட்டியைப் பிரித்துவைத்தேன்:
ஷோஹாக்குக்கு ஒரு ஜோடி, எனக்கு ஒன்று,
அபு யாகூப் வந்தால் வாசலிலேயே,
சாய் கொடுப்பதற்கு முன்னால்,
அவருக்கும் ஒன்று.