ஒன்றரை அங்குலம்

நானூறு டாலர். ரசீது கிடையாது.
முப்பது வருடம் அதில் கோழிகள் குடியிருந்தன
என்று விற்றவர் சொன்னது
குறையாகவா, பெருமையாகவா, தெரியவில்லை.
பியூட் நகரின் செங்குத்துத் தெருவில்
அடிபட்ட ஈயச்சொம்பு மாதிரி அந்தப் பதின்மூன்றடி டிரெய்லரை
இழுத்து வந்து கராஜுக்குள் தள்ளி
கதவை இறக்கினோம்.
கதவு இறங்கியது. இதை நினைவில் வையுங்கள்.

இருபத்தாறு வருடம் தபால் பிரித்த கை எனக்கு.
கழற்றிய திருகுகளைக் காபி டப்பாக்களில் போட்டு
மேலே சீட்டு ஒட்டினேன்:
இடப்பக்க ஜன்னல். வலப்பக்க ஜன்னல்.
எதென்று தெரியாதவை.
கடைசி டப்பாதான் முதலில் நிறைந்தது.

அலுமினியத் தகட்டை உரித்தபோது
உள்ளிருந்த மரச்சட்டம்
டீயில் முக்கிய ரஸ்க்காக உதிர்ந்தது.
வெய்னோ ஒன்றும் பேசவில்லை.
கீழ்மூலையில் ஈரத்தின் தடத்தைப் பிடித்து
விரலாலேயே மேலே மேலே போய்
கூரை ஓரத்தில் நிறுத்தினான்.
ஒரே ஒரு திருகு. தலை சற்றுக் கோணல்.
அறுபது வருட மழையும் அந்த வழியாகத்தான்
சொட்டுச் சொட்டாக,
அவசரமே இல்லாமல்.

அடுப்புக்குப் பின்னாலிருந்த பலகையைப் பெயர்த்தால்
அதன் முதுகில் பென்சில் கணக்கு.
தொழிற்சாலையில் யாரோ
ஓவர்டைம் பெருக்கியிருக்கிறார்:
ஏழரை மணி நேரம், மணிக்கு இரண்டு டாலர் நாற்பது.
விடை பதினேழு என்று போட்டு
அடியில் இரண்டு கோடு, அவ்வளவு நிச்சயம்.
அந்த ஒரு டாலரை யாராவது அவரிடம் சொன்னார்களா?
பலகையைக் குளிருக்கு எரிக்கலாம் என்றான் வெய்னோ.
கணக்கிருந்த துண்டை மட்டும் அறுத்தெடுத்து
புதுச் சுவருக்குள் செருகினேன்,
கீழே என் பென்சிலால்
18 என்று எழுதி.

இரண்டு குளிர்காலம்.
சண்டைகளுக்குச் சீட்டு ஒட்டவில்லை.
மஞ்சளா வெண்ணெய் நிறமா என்பது மட்டும்
பதினோரு நாள் ஓடியது.
வெண்ணெய்தான். நான் ஜெயிக்கவில்லை,
கடையில் மஞ்சள் தீர்ந்துபோயிருந்தது.

மே மாதம் எல்லாம் முடிந்தது.
புது ஸ்பிரிங், புது டயர், கூரைத் துவாரத்துக்குப் புது மூடி.
கதவைத் தூக்கினோம்.
வண்டி ஒன்றரை அங்குலம் உயரம்.

வெய்னோ அளந்தான். மறுபடி அளந்தான்.
அளவுநாடா மனமிரங்குமா என்ன?
டயர்களில் காற்றை இறக்கினோம்.
இன்னும் முக்கால் அங்குலம் பாக்கி.
சிகரெட்டும் கையுமாகப் பார்த்து நின்ற
எதிர்வீட்டு டானிட்சாதான் சொன்னாள்:
"உள்ளே ஆளை ஏற்றுங்கள்."

ஏற்றினோம்.
டானிட்சா, அவளுடைய மூன்று மகன்கள், ஒருவனும் ஒல்லியில்லை,
காது மந்தமான ரெட்மண்ட், ரெட்மண்டின் நாய்,
பாதி தின்ற சாண்ட்விச்சோடு பாதிரியார்,
தெருவில் ஓடிக்கொண்டிருந்த, பெயர் தெரியாத ஒரு பெண்.
எதற்கு என்றுகூட அவள் கேட்கவில்லை.
ஸ்பிரிங் முனகி இறங்கியது.
வெய்னோ டிரக்கை ஆமை நடையில் இழுக்க
நான் நிலைச்சட்டத்தில் கண்ணை வைத்து நின்றேன்.
உள்ளே எல்லோரும் மூச்சைப் பிடித்திருந்தார்களாம்,
விட்டால் வண்டி எழும்பிவிடும் போல.
ஒரு தபால்கார்டு நுழையும் இடைவெளி.
தபால்கார்டு எனக்குத் தெரியும்.
நுழையும்.

வெளியே வந்து ஒவ்வொருவராக இறங்க இறங்க
வண்டி நூல் நூலாக எழுந்தது.
நாய் மட்டும் இறங்க மறுத்தது.
இனி இந்தக் கராஜுக்குள் அது திரும்பாது,
பனிக்காலத்துக்கு என்ன செய்வது என்று
இருவருமே அப்போது யோசிக்கவில்லை.

அன்றிரவு மழை.
வெய்னோவை எழுப்பாமல் டார்ச்சோடு போய்
இருட்டில் உட்கார்ந்தேன்.
தலைக்கு மேல் தகரம் முழுக்கச் சத்தம்.
கீழ்மூலையைத் தடவினேன். காய்ந்திருந்தது.
இன்னொரு முறை தடவினேன்.
கதவு திறந்தது.
அவன் கையிலும் ஒரு டார்ச்.
"காய்ந்துதான் இருக்கு" என்றேன்.
என் மேல் சாய்ந்து கையை நீட்டி
அவனும் தடவிப் பார்த்தான்.