பன்னிரண்டு மில்லிமீட்டர்

பாஹோ கராகோலெஸ் வர இன்னும் முப்பது கிலோமீட்டர்.
குவானாகோ ஒன்று ஜல்லிச் சாலை நடுவில் ஏறி நின்று
வாடகை கேட்க வந்தவள் மாதிரி எங்களைப் பார்த்தது.
ஒராசியோ பிரேக்கை மிதித்தான்.
பஸ் நின்றது.
ஃபிரிட்ஜ் நிற்கவில்லை.

அறுபத்தெட்டுக் கிலோ.
தனக்கு மட்டும் ஊர் இன்னும் வரவில்லை என்பதுபோல்
அது வந்துகொண்டே இருந்தது.
என் முதுகுக்கு ஒரு சாண் பின்னால்
மேஜைக்கால் அதைத் தடுத்தது.
முட்டை, பாதி வெங்காயம், பால்ஜாம் புட்டி,
அவன் தம்பி கட்டிக்கொடுத்த ஆட்டுத்தொடை
வரிசையாக என் காதோரம் கடந்து
முன்கண்ணாடிக்குப் போய்ச் சேர்ந்தன.
குவானாகோ அவசரமே இல்லாமல் இறங்கிப் போனது.

நான்கு மர ஸ்க்ரூ. அதுவும் பிளைவுட்டில்.
போதும், என்றான் கொமொடோரோவில்.
இருபத்திரண்டு வருஷம்
எண்ணெய்க் கிணற்று லாரிகளுக்கு அடியில் படுத்து எழுந்தவள் நான்.
ஒருமுறை குனிந்து பார்த்திருக்கலாம்.
திரைச்சீலை மஞ்சளா பச்சையா என்று
அன்று முழுக்க நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு நாள் பேச்சில்லை.
டயர்க்கடை எவாரிஸ்தோ டிரில்லைத் தந்தார்,
காற்றுக்கு மறைவாகக் கொஞ்சம் சுவரும் தந்தார்.
எதையும் கேட்கவில்லை.

மரம் தாங்காது, இரும்பைத் தேட வேண்டும்.
பஸ்ஸின் எலும்பு எங்கே ஓடுகிறது என்று
தரையைத் தட்டித் தட்டிக் கேட்டேன்.
ஃபிரிட்ஜை ஓரத்திலிருந்து பெயர்த்து
பின் அச்சுக்குப் பக்கமாக, சுவரோடு ஒட்டித் தள்ளினோம்.
காலுக்கு ஒரு எல் வடிவ இரும்பு.
துளைக்கு நேர் கீழே
டீசல் டாங்க் இல்லை, பிரேக் குழாய் இல்லை என்று
அவன் கையால் தடவிச் சொன்ன பிறகுதான்
டிரில்லை அழுத்தினேன்.

தரையில் கொண்டைக்கடலை அளவு வெளிச்சம்.
அதில் ஒரு கண்.
ஒராசியோவின் கண்தான்,
ஆனால் தனியாகப் பார்க்க
யாருடையதோ போலிருந்தது.

மேலே போல்ட்டின் தலை என்னிடம்.
கீழே கையகலத் தகடு, வாஷர், நட் அவனிடம்.
ஒரே இரும்பின் இரண்டு முனையில் இருவர்,
முகம் தெரியாமல்.
முதல் போல்ட் ஒரு வார்த்தையில்லாமல் இறுகியது.

இரண்டாவதில் பாதி திருகும்போது
தரைக்கடியிலிருந்து சொன்னான்:
"கலேத்தாவில் அந்த அறை இருக்கிறதே.
வாடகை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்."

"எப்போதிலிருந்து?"

"விட்டுவிட்டோம் என்று சொன்ன நாளிலிருந்து."

காற்று பஸ்ஸை ஒரு பக்கம் சாய்த்து
மறுபடி நிமிர்த்தியது.

"ஸ்பேனரை விடாதே" என்றேன்.

"விடவில்லை."

ஆறு போல்ட். கதவுக்குத் தனியாக ஒரு கொக்கி.
வாஷிங் மெஷினின் டிரம்மைப் பூட்டும் மூன்று கம்பிகளை
அவன் கடையிலேயே விட்டு வந்தது
அன்று மாலைதான் தெரிந்தது.
திட்ட நினைத்து, சிரித்துவிட்டேன்.
டிரம்முக்குள் இரண்டு கம்பளியைத் திணித்து,
இடுப்பில் ராட்செட் பெல்ட் கட்டினோம்,
பிரசவத்துக்குப் போகிறவளைப் போல
அது கம்மென்று உட்கார்ந்தது.

ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பின்
எல்லா போல்ட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.
இறுகியது எதுவும்
முதல் முறையே இறுகிவிடுவதில்லை, ஜல்லியில்.

நாற்பத்தொன்பதாவதில் அவனே ஓரம் கட்டினான்.
சொல்லாமலே கீழே போய்ப் படுத்தான்.
ஐந்து போல்ட்டுக்குக் கால் சுற்றுப் போதுமாயிருந்தது.
இரண்டாவது மட்டும்
ஒரு முழுச் சுற்றுக் கேட்டது.

முன்கண்ணாடி ஓரத்து ரப்பரில்
பால்ஜாம் இன்னும் இருக்கிறது.
வெயில் ஏறினால் இனிப்பாக மணக்கிறது,
யாரும் துடைக்கவில்லை.