பற்று நோட்டு

செவ்வாய்க்கிழமை மத்தியானம்
மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில்
என் ஜெராக்ஸ் கடையில் போன் அடித்தது.
"டெல்பின் ஷைஜிதானே? பழைய நோயாளி எண்
இரண்டாயிரத்து மூன்று, சாய்கோடு…"
மலையாளம் கலந்த தமிழில் ஒரு பெண் குரல்.
பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள்:
"இருக்கீங்களா?"
இருக்கேன் என்றேன்.
யாரோ ஒருவரின் பத்திரப் பிரதி
கையில் இன்னும் சூடாக இருந்தது.

சிறுவயதில் ரத்தப் புற்று வந்து பிழைத்தவர்களைத்
தேடிப்பிடித்து எழுதும் ஆராய்ச்சியாம்.
பிழைத்த பிறகு என்ன ஆகும் என்று
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை,
பிழைப்பதற்கே நேரம் சரியாக இருந்தது.
இப்போது கேட்கிறார்கள்.
இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குமா.
கால்விரல் மரத்துப்போகுமா.
கூட்டல் போடும்போது எண் நழுவுமா.
பிள்ளை உண்டா, வேண்டுமா.
புகுந்த வீட்டில் யாருக்குத் தெரியும்.

கடைசியாக, அந்தச் சிவப்பு மருந்து
மொத்தம் எத்தனை ஊசி?
இருபது வருடம் கழித்தும்
இதயத்தில் கணக்குத் தீராமல் இருக்குமாம் அது.
அளவு தெரிந்தால்தான்
எத்தனை வருடத்துக்கொருமுறை எக்கோ என்று
சொல்ல முடியுமாம்.

என் ஃபைல் ஒக்கிப் புயலில் நனைந்தது.
ஓடு பறந்த அந்த ராத்திரி
அம்மா ரேஷன் கார்டைத்தான் முதலில் எடுத்தாள்.
காயவைத்துப் பிரித்தால்
மருந்து எழுதிய தாள்களெல்லாம் நீலக்கறை.

அம்மா சொன்னாள்:
"ஆறோ ஏழோ. ஊசி போட்டு வரும்ப
களியக்காவிளை பஸ் ஸ்டாண்டு கக்கூசில
நீ செவப்பா மோண்டே பிள்ளே.
ரெத்தம்ணு நெனச்சு நான் நெலவிளிச்சேன்.
பெறவு பழகிப்போச்சு.
பழகினத ஆரு எண்ணுவா?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை.
அந்த நோயின் பேரை அவர் வாயால் நான் கேட்டதில்லை.
ரப்பர் ஷீட் காயும் கொடியைக் குனிந்து கடந்து
புகைக்கூட்டின் மேலிருந்து
தகரப் பெட்டி ஒன்றை இறக்கினார்.

பற்று நோட்டு. மூக்கில் ஏறும் புகைவாசம்.

பால்ராசு கடை, ஆயிரம்.
உபதேசியார், முன்னூறு, வட்டி இல்லை.
ஷீட் அறுபது கிலோவுக்கு முன்பணம்.
பஸ், ரெண்டு ஆள், ஒரு அரை டிக்கெட்.
மட்டிப்பழம்.
செ. மருந்து.
பிள்ளை எடை பதினாறரை, ஷீட் தராசில்.
மழை, வெட்டு இல்லை.
மறுபடி பஸ், மட்டிப்பழம், செ. மருந்து.
ஒரு பக்கத்தில் கம்மல் என்று மட்டும்,
தொகை இல்லை.

விரல் வைத்து எண்ணினேன். ஏழு.
எட்டாவது 'செ.' எழுதி அடிக்கப்பட்டிருந்தது.
"அண்ணைக்கு ரெத்தத்தில அணு கொறவு.
ஊசி போடாம திருப்பி விட்டினும்."
இருபத்திரண்டு வருடத்தில்
அதைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான்.
சொல்லிவிட்டு ஷீட்டைத் திருப்பிப் போடப் போனார்.

மறுநாள் கடையில் பிரதி எடுத்தேன், இருபத்தொன்பது பக்கம்.
வரிசையில் நின்ற ஆள் எட்டிப்பார்த்து
"வில்லங்கமா?" என்றார்.
ஆமா, பழைய வில்லங்கம் என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம்.
தராசு எடையைக்கூட டாக்டர் எடுத்துக்கொள்வாராம்.
வைக்கப்போனவளை நிறுத்திக் கேட்டேன்:
உங்க பட்டியல்ல சுபின் உண்டா?
வள்ளவிளை, என் பக்கத்துக் கட்டில்.
"மத்தவங்க விவரம் சொல்லக்கூடாது"
என்றவள் கொஞ்சநேரம் போனை வைக்கவில்லை.
"உங்களுக்குத் தெரிஞ்சா
எங்களுக்குச் சொல்லுங்க."

மொட்டைத் தலையில் பேனாவால்
சாளை மீன் வரையச் சொல்லுவான்.
அவனுக்கு அடையாளமாக எனக்குத் தெரிந்தது
அது ஒன்றுதான்; முடி முளைத்திருக்கும்.

எக்கோவுக்கு அடுத்த மாதம் பதினாலு.
வள்ளவிளைக்கு ஞாயிற்றுக்கிழமை
எத்தனை மணிக்கு பஸ் என்று
விசாரித்து வைத்திருக்கிறேன்.
மூன்று ஞாயிறு ஆயிற்று.